குன்றின் மேல் நின்றால் அம்பு அதிக தூரம் பாயுமா?

1999-இல் வெளியான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினிப் போர் விளையாட்டில், வில்லாளர்களைக் குன்றின் மேல் நிறுத்தினால் அம்பு கூடுதல் தூரம் பாயும் என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

மேட்டில் இருந்து எய்தால் கூடுவது தூரம் அல்ல, சேதம்: 25 சதவீதம். கீழிருந்து மேல்நோக்கி எய்தால் அதே அளவு குறையும். ஒரு சாதாரண வில்லாளரின் தாக்குதல் 4, உயிர் 30. சமதரையில் இருவர் மோதினால் ஒருவரை வீழ்த்த 8 அம்புகள் பட வேண்டும். மேலே நிற்பவருக்கு 6 போதும். கீழே நிற்பவருக்கோ 10 தேவை. குன்றைப் பிடிக்க இவ்வளவு அடிதடி நடப்பதில் வியப்பே இல்லை!

எய்யும் தூரம் குன்றின் மேலும் அதே 4 கட்டங்கள்தான். வில்லாளரைச் சொடுக்கி, திரையின் கீழே உள்ள எண்ணைப் பார்த்தாலே தெரியும். அதை உயர்த்த கொல்லர் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஃபிளெட்சிங், போட்கின் ஆரோ, பிரேசர் ஆகிய மூன்று மேம்பாடுகளும் ஆளுக்கு ஒரு கட்டம் தரும், மொத்தம் 7. பிரிட்டன் படையின் வில்லாளர்களுக்கு மட்டும் அதற்கு மேலும் சலுகை உண்டு.

நிஜப் போர்க்களத்தில் உயரம் தூரத்தைக் கூட்டும் என்பது உண்மையே. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.