தஞ்சாவூர் அரண்மனையில் ராணிகளைத் தேடுகிறேன்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலுக்கு அரைநாள் ஒதுக்குகிறார்கள். அரண்மனைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள், கோபுரத்தில் ஏறினால் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, தர்பார் மண்டபத் தூண்களுக்கு நடுவே ஒரு படம். அப்புறம் தலையாட்டி பொம்மை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நாம் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவைத்திருப்பதே அவ்வளவுதான்: நாயக்கர் கட்டினார், மராட்டியர் ஆண்டார், சரபோஜி நூலகம் வைத்தார்.

அது ஒரு வீடு. மேலவீதி, கீழவீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என்று ஊரின் நான்கு பெரிய வீதிகளும் சுற்றி நிற்க, நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் அடுப்பு எரிந்த வீடு. கல்யாணம், சாவு, பங்கு பிரிப்பு, சீல் வைப்பு, கோர்ட்டு என்று ஒரு பெரிய குடும்பம் படக்கூடிய எல்லாப் பாட்டையும் அது பட்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. அதிலும் 1855-க்குப் பிறகு அங்கே நடந்ததை, குறிப்பாக அந்த வீட்டுப் பெண்களுக்கு நடந்ததை, இந்த ஊர் மறந்தே போய்விட்டது. அது எனக்கு ரொம்ப நாளாக ஆறாத வருத்தம்.

கட்டியவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர்கள் தொடங்கியது. 1673-ல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் படையெடுத்து வந்தபோது விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். எதிரி கையில் சிக்கக்கூடாது என்று அந்தப்புரத்தையே வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. அடுத்த சில ஆண்டுகளிலேயே மராட்டிய மன்னர் சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி வந்து உட்கார்ந்தார். மராட்டியர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. இருந்ததோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போனார்கள். அதனால்தான் ஒரு முற்றத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் தூண் மாறும், வளைவு மாறும், தளத்தின் உயரமே மாறும்.

இரண்டாம் சரபோஜி காலத்தில்தான் (1798 முதல் 1832 வரை) வீட்டுக்குள் என்ன நடந்தது என்று நமக்குக் கிட்டத்தில் தெரிகிறது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. அவருக்கு மிஞ்சியது கோட்டையும் அரண்மனையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். ஆள நாடு இல்லாத ராஜா வீட்டையே ஒரு நாடாக நடத்தினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துச் சமையல் சுவடி ஒன்று இருக்கிறது. பிராமணச் சமையல், மராட்டியச் சமையல், ஆங்கிலச் சமையல் என்று தனித்தனி மடைப்பள்ளிகளுக்கான பக்குவங்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. சாம்பார் இந்த அரண்மனையில்தான் பிறந்தது என்கிற கதையை மட்டும் ஊரே சொல்கிறது. கையில் சுவடியாகவே இருக்கும் அந்த மடைப்பள்ளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

எனக்கு மிகப் பிடித்தது கண் வைத்தியக் குறிப்புகள். கண் நோயோடு வந்தவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவைத்த தாள்கள் அவை. என்ன உபாதை, என்ன சிகிச்சை, பிறகு எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக இருக்கும். கூடவே அந்த நோயாளியின் கண்ணையே வண்ணத்தில் வரைந்த படம்: இமை வீங்கியிருக்கிற விதம், வெள்ளை விழியில் ஓடும் சிவப்பு, கருவிழி மேல் படிந்த புரை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் பார்வை மங்கிப்போன யாரோ ஒருவரின் கண் நம்மையே பார்க்கிறது. ராஜாக்களின் எண்ணெய்ச் சித்திரங்களை எல்லாம் விட அந்த ஒரு கண்தான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சரபோஜியின் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். விதவைகள் பதினைந்துக்கும் குறையாது, அப்புறம் பெண் மக்கள். ராஜ்ஜியம் இனி இல்லை என்று கம்பெனி முடிவு கட்டியது. அதோடு நிற்கவில்லை. ஃபோர்ப்ஸ் என்கிற அதிகாரி சிப்பாய்களோடு அரண்மனைக்குள் வந்து அறைகளுக்கு சீல் வைத்தார், வாசலில் காவல் போட்டார். நகை, பணம், நிலம், வீட்டுச் சாமான் எல்லாம் கம்பெனி கைக்குப் போயின. இது என் வீடு, இது என் பெட்டி என்று ஒரு பெண் சொல்வதற்குக்கூட அங்கே இடம் இல்லை.

மூத்த ராணி காமாட்சி பாயி சும்மா இருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அரசுச் சொத்து வேறு, என் கணவரின் சொந்தச் சொத்து வேறு, சொந்தச் சொத்து மூத்த விதவையான எனக்குத்தான் வர வேண்டும் என்றார். வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவுக்குள் இருந்த ஒரு பெண் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன காலம் எது என்று பாருங்கள்: சிப்பாய்க் கலகம் நடந்த 1857-ஐ ஒட்டிய ஆண்டுகள்! ஜெயிக்கவும் செய்தார். சென்னைக் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கம்பெனி லண்டனுக்கு அப்பீல் போனது. 1859-ல், அன்றைக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்த ராஜ்ஜியத்தின் மீதோ ராஜாவின் சொத்து மீதோ கம்பெனிக்குச் சட்டப்படி ஏதாவது உரிமை இருந்ததா என்று இந்தக் காகிதங்களில் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்று நீதிபதிகளே எழுதுகிறார்கள். எழுதிவிட்டு, ஆனாலும் இது அரசு தன் அதிகாரத்தால் செய்த காரியம், நியாயமோ அநியாயமோ எந்தக் கோர்ட்டும் இதை விசாரிக்க முடியாது என்று முடிக்கிறார்கள். உரிமை இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரிந்தும் கேட்க வழி இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு அதோடு போகவில்லை. சுதந்திர இந்தியாவில் சமஸ்தானங்கள் இணைந்தபோது எழுந்த வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றமே அதை எடுத்துப் பேசியிருக்கிறது. சட்டம் படிக்கிறவர்களுக்குக் காமாட்சி பாயி தெரிந்த பெயர். அவர் வாழ்ந்த வளாகத்தில் நான் பார்த்தவரை அவர் பெயரில் ஒரு பலகைகூட இல்லை.

பிறகு நடந்தது இன்னும் சிக்கல். 1862-ல் அரசாங்கம் சொத்தைத் திரும்பக் கொடுத்தது. உரிமை என்று ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை, கருணை என்று சொல்லிக் கொடுத்தது. எல்லா விதவைகளுக்கும் பொது, நிர்வாகம் மூத்தவர் கையில், கடைசி விதவையும் போன பிறகு மகளுக்கு. ஒரே வீட்டில் அத்தனை சகக்களத்திகள், சாவி ஒருவர் இடுப்பில். என்ன ஆகும்? இளைய ராணி ஒருவர் மூத்தவர் மேல் வழக்குப் போட்டார். எல்லோருக்கும் கூட்டு உரிமை என்று 1868-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குகள் அடுத்த தலைமுறைக்கும் போயின. 1920-களில் இந்தச் சொத்து வழக்கில், தஞ்சை மராட்டிய அரச குடும்பமான போன்ஸ்லே குடும்பம் சத்திரியரா சூத்திரரா என்பதையே வக்கீல்கள் வாதாட வேண்டி வந்தது. வாரிசு உரிமை அதைப் பொறுத்து மாறும் என்பதால் அந்தக் கேள்வி. சூத்திரர் என்று தீர்ப்பாயிற்று. சிம்மாசனத்தில் இருந்தவரை எவரும் உரக்கக் கேட்டிருக்க முடியாத கேள்வி, பங்குச் சண்டையில் சாட்சிக் கூண்டு ஏறியது.

இடையில் போன பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஆயுதசாலையில் வாளும் கட்டாரியும் அங்குசமும் குவியல் குவியலாக இருந்தன. 1860-களில் அவற்றைப் பழைய இரும்பு விலைக்கு உடைத்து விற்றார்கள். தப்பித்தவற்றில் கொஞ்சம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மீதி வெளிநாட்டு அருங்காட்சியகங்களில். திமிங்கில எலும்பைப் பார்க்க மக்கள் ஏறுகிற கோபுரத்துக்கு ஆயுத கோபுரம் என்று பெயர். அங்கே ஆயுதம் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதிவைக்கக் கூடாதா?

சரசுவதி மகால் நூலகம் தப்பித்தது. அதற்காக நான் நன்றியோடு நினைக்கும் ஆட்கள் பலர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் உட்கார்ந்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டார், 1880-ல் அது அச்சானது. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்கானது என்று ஆயிற்று. அரச குடும்பத்து வாரிசுகள் தங்கள் சொந்த நூல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்று 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே இருக்கின்றன. பங்குக்காக அறுபது வருஷம் கோர்ட்டு ஏறிய ஒரு வீட்டிலிருந்து இவ்வளவு பெரிய சொத்து ஊருக்கு வந்திருக்கிறது. இதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியாது.

மராட்டியர் வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்கள் வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். அந்த வீடு நம்முடைய நெல்லில் நடந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்று மேலே சொன்னேனே, அது காவிரிப் பாய்ச்சலில் சேற்றில் நின்றவர்கள் விளைத்தது. ராஜாக்களைப் புகழ நான் இதை எழுதவில்லை. நம் உழைப்பில் நின்ற வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. அப்புறம், தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் இன்றும் 88 கோயில்கள் இருக்கின்றன. பெரிய கோயிலும் அதில் ஒன்று. முடிந்துபோன கதை என்று தள்ள முடியாது.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே பாருங்கள். மெல்லிய சிறு செங்கல், நடுவில் செங்கல் அளவுக்கே தடிமனாகச் சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்து ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாகிவிடும். சிமென்ட் வெளியே பளிச்சென்று இருக்கும், சுவர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். இந்த ஊர்ப் பழைய வீடுகள் எத்தனையோ இப்படித்தான் போயின. அரண்மனையில் ஒரு சதுர அடிக்குக்கூட அது நடக்கக் கூடாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், கூலி கூடத்தான் ஆகும். ஆகட்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. அந்த வளாகத்தில் ஒரே ஒரு கூடத்தை ராணிகளுக்கு ஒதுக்குங்கள். 1859 தீர்ப்பின் பக்கங்களைத் தமிழில் பெரிதாக அச்சடித்து மாட்டுங்கள். கண் படங்களின் நகல், மடைப்பள்ளிக் குறிப்புகள், ஆயுதங்கள் போன கதை, இவற்றையும் அங்கே வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திமிங்கிலத்தைக் காட்டிவிட்டு அங்கேயும் அழைத்துப் போங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கிற தஞ்சாவூர்க்காரர்களுக்கு. அரண்மனையில் வேலை பார்த்த குடும்பங்கள் நம் தெருக்களில் ஏராளம். பரணில் கிடக்கும் பெட்டியில், கோடு போட்டது மாதிரி மேலே ஒரே வரியில் தொங்கும், புரியாத எழுத்தில் பழைய தாள் ஏதாவது இருந்தால், அது மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தாக இருக்கலாம். அரண்மனைக் கணக்கெல்லாம் அதில்தான் எழுதினார்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சரசுவதி மகாலுக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலர், அவர்கள் இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.