தேவதர்ஷினிக்கு இன்னும் எத்தனை காலம் அண்ணி வேடம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த காலத்தில், எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்த என் அம்மா தொலைக்காட்சியைப் பெரும்பாலும் காதால்தான் கேட்பார். தலையை நிமிர்த்தினால் தையல் கோணிவிடும். ஆனால் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பாகத்தில் நடிகை தேவதர்ஷினியின் குரல் வந்தால் மட்டும் அவரது கால் மிதிப்பதை நிறுத்திவிடும், மிஷின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்தபடி, வாயில் கவ்விய நூலோடு, அந்தக் காட்சி முடியும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவை நிறுத்திவைத்தது எது என்று பின்னாளில் அந்தத் தொடரைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது. கணவனாக நடித்த பிருத்விராஜ் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள், தேவதர்ஷினியின் கண்ணில் சந்தேகம் வந்து, கோபமாகி, போனால் போகட்டும் என்று அடங்கியும் விடும். வசனம் அதற்குப் பிறகுதான் வரும். அதற்குமுன் ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ தொடரில் அச்சமும் இறுக்கமும் நிறைந்த கதைக்குள் நடித்துப் பழகியவர் என்பதால்தான், நகைச்சுவையிலும் அவரால் இவ்வளவு அளவோடு நிற்க முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் திரையுலகில் நகைச்சுவை நடிகை என்றாலே உருவத்தைக் கேலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் வடசென்னைப் பேச்சை வாயில் திணித்துக் கத்தவிட வேண்டும் என்றொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. காசிமேட்டுப் பெண்கள் பேசும் பேச்சில் இருக்கும் பரிவும் நியாயமும் அந்தக் கத்தலில் ஒருநாளும் வந்ததில்லை என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு நெடுநாள் வருத்தம். தேவதர்ஷினியை எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் பிடித்ததற்கு அவர் அந்த வழியில் போகாததும் ஒரு காரணம்.

2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’வில் மாமியாராகக் கோவை சரளா வீட்டையே அதிரவைக்கும்போது, பக்கத்தில் மருமகளாக நின்று அந்தப் பயத்தை நம்பும்படி செய்தவர் இவர்தான். சரளாவின் ஆட்டத்துக்கு ஈடாகத் தானும் ஆட முயலாமல், அதற்குத் தாளம் பிடித்தார். அந்தக் கூட்டணி வென்றதற்கு அதுவே காரணம். அந்தப் படத்துக்கான தமிழக அரசின் விருது 2017இல்தான் அறிவிக்கப்பட்டது, விழா 2022இல்தான் நடந்தது. ஒரு கலைஞரின் உழைப்புக்கு உரிய மரியாதை பதினொரு ஆண்டுகள் காத்துக்கிடந்ததை என்னால் இயல்பான தாமதமாக ஏற்க முடியவில்லை.

‘96’ படத்தில் பள்ளித் தோழி சுபாவாக வந்தார். அதே சுபாவின் இளவயது வேடத்தில் அவருடைய மகளே நடித்திருந்தார். ‘தி ஃபேமிலி மேன்’ என்ற இந்தி இணையத் தொடரின் இரண்டாம் பருவத்தில் உமையாள் என்ற காவல்துறை அதிகாரியாக, ஒரு சிரிப்புக்கும் இடம் கொடுக்காத வேடத்தில், நாடே பார்க்க நடித்துக்காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் தமிழ் இயக்குநர்கள் அவரிடம் கொண்டுபோவது பெரும்பாலும் அண்ணி வேடத்தையும் அக்கா வேடத்தையும்தான். நடுவயதுப் பெண் ஒருத்தியை நடுவில் வைத்து, அவளுடைய கோபத்தையும் சமாளிப்பையும் நகைச்சுவையாகச் சொல்லும் முழுநீளப் படம் ஒன்றை இவரை நம்பி யாராவது எடுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, தைப்பதை விட்டுவிட்டார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் ‘சத்தம் கொஞ்சம் கூட்டி வை’ என்கிறார்.