மிடில்ஸ்பரோ ஓடி ஒளியவில்லை

நேற்றிலிருந்து அந்த மீம் என் டைம்லைனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை மறுபடி இங்கே போடப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்துக் கால்பந்து க்ளப் மிடில்ஸ்பரோவைக் கிண்டல் செய்யும் படம்: சிவப்புச் சட்டை, வாயில் தெர்மாமீட்டர், கையில் லீவு லெட்டர். "காய்ச்சல்னு மேட்சுக்கு டிமிக்கி கொடுத்து ரெலிகேட் ஆன கோழைங்க" என்று ஒரு தம்பி தலைப்பு வைக்க, நான் மதிக்கிற நண்பர்களே வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கால்பந்துக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும், அதுதான் ரெலிகேஷன். 1996-97 சீசனில் மிடில்ஸ்பரோ ஆடிய 38 ஆட்டங்களில் 10 வெற்றி, 12 டிரா, 16 தோல்வி. வெற்றிகளுக்கு 30, டிராக்களுக்கு 12. ஆக மொத்தம் 42 புள்ளி. ஆனால் பட்டியலில் இருப்பது 39. மீதி மூன்றை எந்த எதிரணியும் பறிக்கவில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து கழித்தார்கள். அந்த வருஷம் 41 எடுத்த கவென்ட்ரி தப்பியது, 42 எடுத்த போரோ (மிடில்ஸ்பரோவின் செல்லப்பெயர்) இறங்கியது. கோழை என்று எழுதுவதற்கு முன் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

நடந்தது இதுதான். 1996 டிசம்பர் 21 அன்று பிளாக்பர்னில் ஆட்டம். காயம், வைரஸ் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து 23 பேரால் ஆட முடியாது என்று முந்தின நாளே க்ளப் அறிவித்தது. லீக்கிடம் பேசிவிட்டுத்தான் முடிவெடுத்தோம் என்பது அவர்கள் தரப்பு. முறையான அனுமதி இல்லை என்பது லீக்கின் தரப்பு. ஜனவரியில் தீர்ப்பு வந்தது: மூன்று புள்ளி கழிவு, 50,000 பவுண்ட் அபராதம். அந்த ஆட்டத்தை ஆடாமலே விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. மே 8-ம் தேதி அதே பிளாக்பர்னுக்குப் போய் ஆடி 0-0 டிரா செய்தார்கள். டிமிக்கி கொடுத்தவன் திரும்பி வந்து பரீட்சை எழுதுவானா?

"ரூல் ரூல்தானே, யூத் டீமையாவது இறக்கியிருக்கலாமே" என்று கேட்கிறவர்களுக்கு: சரி, இறக்கியிருக்கலாம். அனுமதி எழுத்தில் வரும் வரை காத்திருந்திருக்கலாம். நிர்வாகம் செய்தது தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அபராதம் போடுங்கள், இரண்டு மடங்காகக்கூடப் போடுங்கள். ஆனால் அந்தப் புள்ளிகள் நிர்வாகத்துடையவை அல்ல. வெயிலிலும் மழையிலும் ஓடினவர்கள் எடுத்தவை. ஆட்டம் பின்னால் நடக்கத்தான் போகிறது என்றால், களத்தில் சம்பாதித்ததில் கை வைக்க என்ன அவசியம்?

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் பள்ளி வாலிபால் அணியில் இருந்தேன். மண்டல அரையிறுதிக்குப் போயிருந்தோம். அந்த வாரம் பார்த்து அணியில் பாதிப் பேருக்கு அம்மை போட்டுவிட்டது. எனக்கும்தான். வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்க, நான் உள்ளே பாயில் கிடந்தேன். எங்கள் பி.டி. வாத்தியார் மொபெட்டை எடுத்துக்கொண்டு முந்தின நாளே போய், போட்டி நடத்துகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். "பார்த்துக்கலாம் சார், போங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் எதிரணிக்கு வாக்-ஓவர். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார்களாம். அதைக்கூட விட்டுவிடலாம். உடம்பு தேறிப் பள்ளிக்குப் போனபோது, "பெரிய டீம்னு தெரிஞ்சதும் காய்ச்சல் வந்துருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முகத்தில் தழும்பு ஆறியிருக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் நேற்று அந்த மீமுக்குக் கீழே எனக்குக் கேட்டது.

இனி "கோழை" என்ற வார்த்தைக்கு வருகிறேன். மே மாதம் என்ன நடந்தது என்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா? லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை என்ற இரண்டு நாக்-அவுட் போட்டிகளிலும் இறுதி ஆட்டம் வரை போனதால் லீக் ஆட்டங்கள் தேங்கிப்போய், மே 3 முதல் மே 11 வரை ஒன்பது நாளில் நான்கு ஆட்டம். ஆஸ்டன் வில்லாவை 3-2 என்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில், அந்த வருஷம் சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட்டோடு 3-3. அப்புறம் பிளாக்பர்ன் 0-0. கடைசி நாள் லீட்ஸில் 1-1. நான்கில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. லீட்ஸ் ஆட்டத்தில் போரோவின் கோலை அடித்தது ஜுனினியோ. விசில் ஊதியதும் அந்தச் சின்ன உடம்புக்காரர் புல்லிலேயே உட்கார்ந்து அழுதார். சாவோ பாவ்லோவிலிருந்து வந்த பிரேசில்காரர், இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஒரு தொழிற்சாலை ஊருக்காக அழுதார். கோழைகள் இப்படித்தான் இருப்பார்களா?

"16 ஆட்டத்தில் தோற்றார்கள், 60 கோல் வாங்கினார்கள், எமர்சன் சொல்லாமல் கொள்ளாமல் பிரேசிலுக்குப் போனான்" என்று அடுத்த பட்டியல் வரும். தெரியும். டிஃபென்ஸ் ஓட்டைதான். அதையெல்லாம் கழித்த பிறகும் 42 இருந்தது. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

"கப், கப் என்று அலைந்து லீக்கைக் கோட்டை விட்டார்கள்" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். இவரிடம்தான் எனக்கு அதிக வருத்தம், ஏனென்றால் இவர் விஷயம் தெரிந்தவர். 1876-ல் தொடங்கிய க்ளப் அண்ணே. 121 வருஷத்தில் ஒரு பெரிய கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்ததே அந்த சீசனில்தான். லீக் கோப்பையில் நியூகாசிலையும் லிவர்பூலையும் தாண்டி வந்தார்கள். லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் லெஸ்டரோடு இறுதி ஆட்டம், எக்ஸ்ட்ரா டைம். 95-வது நிமிடத்தில் போரோவின் இத்தாலிய ஃபார்வர்ட் ரவனெல்லி கோல். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றிருந்தபோது 118-வது நிமிடத்தில் லெஸ்டரின் ஹெஸ்கி கோலுக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் பந்தை உள்ளே திணித்தார். இன்னும் இரண்டே நிமிடம். டிரா ஆனதால் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரீப்ளே (மறு ஆட்டம்), அதுவும் எக்ஸ்ட்ரா டைம், லெஸ்டரின் கிளாரிட்ஜ் ஒரு கோல், முடிந்தது. இதற்கெல்லாம் ரிசர்வ் ஆட்களை அனுப்பித் தோற்றுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமா?

எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லீக் அமைப்பின் மூன்றாம் அடுக்கில் இருந்த செஸ்டர்ஃபீல்ட். போரோவின் கிண்டர் சிவப்பு அட்டை வாங்கிப் போக, பத்துப் பேரோடு 2-0 பின்தங்கி, அங்கிருந்து எழுந்து எக்ஸ்ட்ரா டைமில் 3-2 முன்னிலை பெற்று, 119-வது நிமிடத்தில் செஸ்டர்ஃபீல்டின் ஹெவிட்டின் தலைமுட்டில் 3-3. செஸ்டர்ஃபீல்டின் ஜொனாதன் ஹவர்ட் அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தது, ரெஃப்ரி எல்லரே கோல் தரவில்லை என்பது உண்மை. அது கோல்தான். செஸ்டர்ஃபீல்ட் ஊர்க்காரர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள், பேச உரிமை இருக்கிறது. ரீப்ளேயில் போரோ 3-0 என்று ஜெயித்தது. ஆனால் அந்த ஒரு பந்துக்காக இத்தனை வருஷம் வருத்தப்படுகிற உலகம், மூன்று புள்ளிக்காக ஒரு நாளாவது வருத்தப்பட்டதா? மே 17 அன்று செல்சீயோடு இறுதி ஆட்டம். முதல் நிமிடம் முடிவதற்குள் செல்சீயின் டி மட்டேயோ தூரத்திலிருந்து அடித்த கோல். கடைசியில் 2-0. முந்தின ஞாயிறுதான் ரெலிகேட் ஆகியிருந்தார்கள். அந்த மனநிலையில் வெம்ப்ளிக்குப் போய் நிற்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது பெரிய க்ளப்களுக்கு வருவோம். 2007-ல் அர்ஜென்டினா வீரர் டெவெஸின் ஒப்பந்த விஷயத்தில் வெஸ்ட் ஹாம் விதியை மீறியது என்று தீர்ப்பே வந்தது. 55 லட்சம் பவுண்ட் அபராதம், புள்ளிக் கழிவு இல்லை. கடைசி நாள் அதே டெவெஸ் ஓல்ட் டிராஃபோர்டில் கோல் அடித்து வெஸ்ட் ஹாமைக் காப்பாற்ற, ஷெஃபீல்ட் யுனைடெட் இறங்கியது. 2022 ஜனவரியில் ஆர்சனலுக்குக் காயம், ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனவர்கள், கொஞ்சம் கோவிட் என்று ஆள் பற்றாக்குறை. டாட்டன்ஹாம் ஆட்டத்தைத் தள்ளி வைக்கக் கேட்டார்கள், தள்ளி வைத்தார்கள். அது கோவிட் கால விதிப்படி முறையாகக் கேட்டது, வேறு விஷயம் என்பீர்கள். வேறுதான். ஆனால் ஆள் இல்லாமல் ஆட முடியாது என்பது இரண்டுக்கும் பொதுவான உண்மை. ஒருவருக்கு அது காரணம், இன்னொருவருக்குக் குற்றம். அந்த வாரம் ஆர்சனலுக்காக வரிந்து கட்டி எழுதியவர்களில் சிலர் நேற்று அந்த மீமுக்குச் சிரித்திருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

நான் மிடில்ஸ்பரோவில் வந்து குடியேறியவன். இந்த ஊரைப் பற்றி இங்கிலாந்திலேயே மற்ற ஊர்க்காரர்கள் பேசும் தொனி எனக்குப் பழகிவிட்டது. புகை ஊர், ஏழை ஊர், பார்மோ (சீஸ் போட்டுப் பொரித்த இறைச்சி) தின்கிற ஊர். ரெட்கார் இரும்பாலை 2015-ல் மூடியபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் வீட்டில் ஒரே சமயத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேலை போனதைப் பார்த்திருக்கிறேன். க்ளப்பின் இப்போதைய மைதானமான ரிவர்சைட் ஸ்டேடியத்துக்கு வெளியே, பழைய மைதானமான ஏர்சம் பார்க்கின் இரும்புக் கேட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1986-ல் கடனில் மூழ்கி க்ளப்பே கலைந்துபோகிற நிலையில் பூட்டுப் போட்ட கேட் அது. அந்த சீசனின் முதல் ஹோம் மேட்சை ஹார்ட்டில்பூலில் போய் ஆடினார்கள். முதல்முறை என்னை ஆட்டத்துக்குக் கூட்டிப்போன, எங்கள் வார்டில் வேலை பார்க்கும் பெரியவர், உள்ளே போவதற்கு முன் அந்தக் கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் போனார். அவர் வெம்ப்ளிக்கும் போனவர், ஹில்ஸ்பரோவுக்கும் போனவர், லீட்ஸுக்கும் போனவர். 1996-97 சீசனைப் பற்றிக் கேட்டால் முதலில் ரவனெல்லியின் அறிமுக ஆட்டத்தைத்தான் சொல்வார். லிவர்பூலுக்கு எதிராக ஹாட்ரிக், 3-3. அதற்குச் சில மாதம் முன்புதான் யுவென்டஸுக்காக சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கோல் அடித்தவர், வெள்ளைத் தலையோடு வந்து டீஸ் நதிக்கரையில் நின்றார். அந்த சீசனில் மொத்தம் 31 கோல். பத்து வருஷம் முன்பு பூட்டுப் போட்ட க்ளப்புக்கு அது என்ன மாதிரியான வருஷம் என்பது லண்டன் க்ளப்களை டிவியில் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புரிவது கஷ்டம்.

"கடைசியில் எதுவும் ஜெயிக்கவில்லையே" என்று கேட்பீர்கள். ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷமே மேலே திரும்பி வந்தார்கள். 2004-ல் கார்டிஃபில் போல்டனை 2-1 என்று ஜெயித்து லீக் கோப்பையை எடுத்தார்கள், க்ளப்பின் முதல் பெரிய கோப்பை. அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டுப் போன ஜுனினியோ திரும்பி வந்து அந்த அணியில் ஆடினார். விருப்பப்பட்டுத் திரும்பி வந்தார். ஒளிந்து ஓடுகிற க்ளப்புக்கு யாராவது அப்படித் திரும்பி வருவார்களா?

கவென்ட்ரி மேல் எனக்குக் கோபமில்லை. கடைசி நாள் டாட்டன்ஹாமில் போய் ஜெயித்துத்தான் தப்பினார்கள். என் கோபம் அந்தத் தீர்ப்பின் மேலும், அதைத் தெரிந்துகொள்ளாமல் சிரிக்கிறவர்கள் மேலும்தான்.

கமெண்டில் வாதம் செய்ய வாருங்கள், பதில் சொல்கிறேன். மே மாத நான்கு ஆட்டங்களில் ஒன்றையாவது பார்த்துவிட்டு வந்தால் நல்லது. அந்தப் படத்தை இங்கே மறுபடி போட்டால் மட்டும் நீக்கிவிடுவேன், யாராக இருந்தாலும்.