மூதேவியை வெட்ட வேண்டாம்

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் கதைகளில் சின்ன ஏச்சுக்கூட வரக்கூடாது என்கிறார், சிறுவர் கதைகள் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஸ்கூல் வானுக்கு நிற்கும் பொடியன்களைக் கேட்டுப் பாருங்கள். விசரன், மூதேவி, எருமை எல்லாம் காலையிலேயே வந்துவிடும். சண்டையின் நடுவே ‘நீ செய்தது முறையல்ல, நண்பா’ என்று பேசும் பத்து வயதுப் பாத்திரத்தை எந்தப் பிள்ளை நம்பும்? (புலமைப்பரிசில் பரீட்சைக் கட்டுரையில் வேண்டுமானால் வரலாம்!) சாதி, உடற்குறை, தாய் என்று இழுக்கிற சொற்கள் வேறு விடயம், அவற்றை நானும் வெட்டுவேன். ‘விசரன்’கூட, மனநோயால் அவதிப்படும் ஒருவரைப் பார்த்துச் சொல்லப்பட்டால் கொடுமைதான். அப்புறம், மிகவும் மோசமான ஏச்சு தேவைப்படும் இடத்தில் ‘வாய்க்கு வந்தபடி ஏசினான்’ என்று எழுதினால் போதுமே. மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், நம்மைவிட நன்றாக.