கருப்பு ஆயில் என்றால் டீசல் என்ஜின் காலியா?

"பழைய டீசல் ஸ்விஃப்ட், ரிட்ஸ் வாங்குபவர்கள் டிப்ஸ்டிக்கை (என்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பாருங்கள். ஆயில் கருப்பாக இருந்தால் என்ஜின் காலி, தேன் நிறத்தில் இருந்தால் தைரியமாக வாங்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

டீசல் எரியும்போது உண்டாகும் கரியில் கொஞ்சம், பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். அதனால் நல்ல என்ஜினிலும் புது ஆயில் சீக்கிரமே கருத்துவிடும். விற்பதற்கு முதல் நாள் ஆயில் மாற்றினால், தேய்ந்த என்ஜினிலும் தேன் நிறம்தான் தெரியும். இந்தத் தகவலை நம்பிப் போகிறவரை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம்.

கருப்பா தேன் நிறமா என்பதை விடுங்கள், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். இந்தக் கார்களில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி என்ஜின். அதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால், ஆயில் குறைந்தே ஓடிய வண்டியில் செயின் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா, இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் செயின் பக்கம் கடகடவென்ற சத்தம் நிற்காமல் வந்தால், மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் தராதீர்கள்.

சூடான பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது சகஜம். புகை வேகமாகத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஆயில் பால் காபி மாதிரி வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீரோ, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ உள்ளே கலந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம்.