சந்தை ஆடுற நாளிலதான் அப் வேலை செய்யோணும்

பங்கு வாங்கி விக்கிற போன் அப் வேலை செய்யாமல் விழுந்தா அது கொழும்புக் காசுக்காரற்ற பிரச்சினை எண்டு நினைக்கிற ஆக்கள் எங்கட பக்கம் இன்னும் இருக்கினம். அது பழைய கதை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு எல்லா இடத்திலயும் வேலைக்குப் போற பெடியள், ரீச்சர்மார், வெளிநாட்டில இருந்து வாற காசை சும்மா வைச்சிருக்க விரும்பாத குடும்பங்கள் எல்லாரும் போனிலயே சிடிஎஸ் கணக்கு (வாங்கிற பங்குகளைப் பதிஞ்சு வைக்கிற கணக்கு) திறந்து ஷெயர் வாங்குகினம். நல்ல விசயம், இன்னும் கனபேர் வரோணும். ஆனா கொழும்பில இருக்கிறவர் அப் வேலை செய்யாட்டி புரோக்கரின்ர ஒபிசுக்கே போய் ஓடர் குடுக்கலாம், புதுக்குடியிருப்பில இருக்கிறவருக்கு அந்த அப் மட்டும்தான் வழி.

அண்மையில சந்தை நல்லா விழுந்த ஒரு காலமை என்ர புரோக்கரின்ர அப்பும் படுத்திட்டுது. லொகின் பண்ணினா வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது, உள்ள போனாலும் பழைய விலைதான் காட்டுது, குடுத்த ஓடர் போட்டுதோ இல்லையோ எண்டு தெரியாது, திரும்பக் குடுத்தா ரெண்டு தரம் வித்துப்போடுமோ எண்டு பயம். போன் எடுத்தா தமிழில கதைக்க ஆள் இல்லை. கடைசியா ஒருத்தர் எடுத்து "உங்கட இன்டர்நெட்டைப் பாருங்கோ" எண்டார். அதே போனில யூடியூப் ஓடுது! வன்னி எண்டா சிக்னல் இல்லை எண்டு அவையளே முடிவெடுக்கிறதுதான் எனக்கு கூட கோபம். 2.30க்கு சந்தை பூட்டின பிறகு எல்லாம் சரியா வேலை செய்யுது. பிறகு ஒரு மெசேஜ், வாடிக்கையாளர் வேகமா கூடினதால தாமதமாம்.

இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டன். சந்தை விழுற நாளில எல்லாரும் ஒரே நேரத்தில உள்ள வருவினம் எண்டது தெரிஞ்ச விசயம். கொழும்புச் சந்தையின்ர 20 பெரிய கொம்பனிப் பங்குகளின்ர ஏத்த இறக்கத்தைக் காட்டுற எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டி 5% விழுந்தா அரை மணித்தியாலம் வியாபாரத்தை நிறுத்துவினம், அது திரும்பத் துவங்கிற நிமிசத்தில ஆயிரக்கணக்கில ஆக்கள் ஒண்டா லொகின் பண்ணுவினம், உள்ள போகாட்டி திரும்பத் திரும்ப அமத்துவினம், அதால அப்பை ஓட்டுற கம்பியூட்டர் சேவரில பாரம் இன்னும் ஏறும். 2022 ஏப்ரலில ஒரு கிழமை பூட்டியிருந்த கொழும்புச் சந்தை 25ஆம் திகதி திறந்த கையோட விழுந்து அண்டைக்கே வியாபாரத்தை நிறுத்தினதை மறக்கேலுமே? அப்பிடியான நாளுக்குத்தான் சேவர் வேணும். இரணைமடுக் குளத்தின்ர வான்கதவை வைகாசித் தண்ணிக்கு அளந்தே வைச்சவை? மார்கழி வெள்ளத்துக்குத்தானே.

அமெரிக்காவில பங்கு வாங்கி விக்கிற அப் நடத்திற ரொபின்ஹூட் எண்ட கொம்பனிக்கும் இதுதான் நடந்தது. 2020 மார்ச் 2, அமெரிக்கச் சந்தைச் சுட்டி டோ ஜோன்ஸ் 1,293 புள்ளி ஏறின நாள், அவையின்ர அப் முழு நாளும் கிடந்திட்டுது. அவையும் பாரம் கூடிப்போச்சு எண்டுதான் சொன்னவை. அடுத்த வருசம் ஜூனில அங்க புரோக்கர்மாரைக் கண்காணிக்கிற ஃபின்ரா இதையும் வேற குற்றங்களையும் சேர்த்து 57 மில்லியன் டொலர் தண்டம் போட்டு, வாடிக்கையாளருக்கு 12 மில்லியனுக்கு மேல திருப்பிக் குடுக்கவும் வைச்சது. இந்தியாவில பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2022 நவம்பரில தெளிவா எழுதிப்போட்டுது: கோளாறு வந்தா ஒரு மணித்தியாலத்துக்குள்ள எக்ஸ்சேஞ்சுக்கு அறிவிக்கோணும், ஏன் வந்தது எண்டு பிறகு அறிக்கை குடுக்கோணும், புரோக்கர்மார் உச்சப் பாரத்தின்ர ஒண்டரை மடங்கு தாங்கிற அளவுக்கு சிஸ்டத்தை வைச்சிருக்கோணும்.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற எங்கட பிணையங்கள் ஆணைக்குழுவும் கொழும்புப் பங்குச்சந்தையும் எந்தப் புரோக்கரின்ர அப் எப்ப விழுந்தது, எவ்வளவு நேரம், ஏன் எண்டதை எல்லாரும் பாக்கக்கூடிய மாதிரி வெளியில போடோணும். புதுக் கணக்கு சேர்க்க விளம்பரத்துக்கு செலவழிக்கிற காசில கொஞ்சத்தை எடுத்து தமிழில ஓடர் எடுக்கிற ரெண்டு பேரை போனடியில இருத்தலாம். அது பெரிய செலவே இல்லை.

அதுவரைக்கும், அப் விழுந்தா நேரம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ, போனில கதைச்சாலும் முறைப்பாட்டை எழுத்தில அனுப்புங்கோ. சந்தை அமைதியா இருக்கிற ஒரு நாள் பாத்து உங்கட புரோக்கருக்கு அடிச்சுக் கேளுங்கோ: அப் வேலை செய்யாட்டி தமிழில ஓடர் எடுக்கிற நம்பர் என்ன? நம்பர் இல்லை எண்டு சொன்னா, அதையும் எழுத்தில வாங்கி வையுங்கோ.