பிள்ளைகளிடம் முழக்கம் கேட்காதீர்கள், செய்தி கேளுங்கள்

பள்ளிக்கூடங்களில் ‘சுற்றுச்சூழல் காணொளி’ என்ற பெயரில் எடுக்கப்படுபவற்றைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. ஒரு மரக்கன்று, அதைச் சுற்றிப் பச்சைத் தொப்பி போட்ட பிள்ளைகள், பின்னணியில் புல்லாங்குழல், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முழக்கம். படம் முடிந்த பிறகும் அது எந்த ஊர், என்ன மரம், போன ஆண்டு நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்று ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நாம் கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். வேறொன்றைக் கேட்டால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை இந்த ஆண்டு கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ‘விழிப்புணர்வுப் படம்’ வேண்டாம், தொலைக்காட்சியில் வருவது போல மூன்று நிமிடச் செய்தி ஒன்றைத் தயாரியுங்கள் என்றேன். ஒருவர் செய்தி வாசிக்கட்டும், ஒருவர் களத்திலிருந்து பேசட்டும், ஒருவர் பேட்டி எடுக்கட்டும், ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று. செய்தியில் வரும் எந்த வாக்கியத்தைக் காட்டி ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டாலும் பதில் இருக்க வேண்டும்.

தலைப்பை நான் கொடுக்கவில்லை. எங்கள் பகுதியில் தலைப்பைத் தேடி அலையத் தேவையில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்து சிரித்தாலே தெரிந்துவிடும். பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு, சிலருக்குப் பழுப்புக் கோடு. ஃபுளோரைடு. இந்த மாவட்டத்தின் அடியில் கிடக்கும் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. மழை குறைந்து, ஆழ்குழாய்க் கிணறுகள் கீழே கீழே போகும்போது, பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர் மேலே வருகிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் முதலில் பல், பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும். நம் நாட்டில் இந்த நோய் முதலில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். மருத்துவர்களுக்கு முன்பே அங்கே விவசாயிகள் தங்கள் உழவு மாடுகள் நடக்க முடியாமல் விறைத்துப்போவதைக் கவனித்திருந்தார்கள். இந்தத் தகவலைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் எழுந்த பரபரப்பைச் சொல்லி மாளாது. தங்கள் தாத்தாக்களின் மாடுகளைப் பற்றி விசாரிக்க அன்று மாலையே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

முதல் வரைவு வந்தது. எதிர்பார்த்தபடியே அதில் இரண்டு நிமிடம் பொதுவான அறிவுரை. கடைசியில் ஒரு வரி: ‘எனவே பொதுமக்கள் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் பிடிக்கும் பொறுப்பில் இருந்த, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவிதான் கேட்டாள்: “காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு எங்கே போகும்?” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் கரும்பலகைக்குப் போய்க் கணக்குப் போட்டான். இரண்டு லிட்டரைக் காய்ச்சி ஒன்றரை லிட்டராக்கினால் தண்ணீர்தான் ஆவியாகிறது. ஃபுளோரைடு அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் லிட்டருக்கான அளவு கூடிவிடுகிறது! அவர்கள் எழுதிய அறிவுரை ஊரில் ஃபுளோரைடு பிரச்சினையைச் சற்றே மோசமாக்கியிருக்கும்.

இதே கரைசல் பாடத்தை நான் அதே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். செறிவு என்றால் என்ன என்று கேட்டால் வரையறையை ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தச் செறிவு தங்கள் வீட்டு அடுப்பில் நடக்கிறது என்று அன்றுதான் அவர்களுக்கு உறைத்தது. காரணம் எளிது. தேர்வுத்தாளில் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். செய்தியில் தவறாகச் சொன்னால் பக்கத்து வீட்டு அத்தை அதைக் கேட்டுக் காய்ச்சிக் குடிப்பார். அந்தப் பொறுப்பு பதினான்கு வயதில் தோளில் ஏறும்போது பிள்ளைகள் படிக்கிற விதமே மாறிவிடுகிறது. சுற்றுச்சூழல் அறிவியலுக்குச் செய்தி வடிவத்தைவிடப் பொருத்தமான கற்பித்தல் முறையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை அசைத்துவிட்டது. பல் எனாமல் உருவாகும் காலத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் முன்பற்களில் கறையாகப் பதிகிறது. இன்றைக்கு நல்ல தண்ணீர் குடித்தாலும் பழைய கறை போகாது. இன்று கெட்ட தண்ணீர் குடித்தால் புதிதாகப் பல்லில் கறை வராது. இதைப் புரிந்துகொண்டதும் ஒரு மாணவன் தேதிகளை அடுக்கினான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தப் பாதிப்பைத் தீர்ப்பதற்கென்றே ஜப்பான் கடனுதவியோடு வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். “டீச்சர், திட்டம் வந்தபோது எங்களுக்கு இரண்டு மூன்று வயது. அப்புறம் எங்கள் பல்லில் எப்படிக் கறை?”

இதுதான் செய்தி. எந்தப் பாடநூலின் பின்பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஒரு தேதியையும் ஓர் உடற்கூறு உண்மையையும் அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளையால் மட்டுமே கேட்க முடிகிற கேள்வி இது.

பதிலைத் தேடி மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் போனார்கள். “அண்ணே, தொட்டியில் எந்தத் தண்ணீர் ஏறுகிறது?” அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: காவிரித் தண்ணீர் போதுமான அளவு வராத நாட்களில் ஆழ்குழாய்த் தண்ணீரையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறார்கள். ஏற்றாவிட்டால் தெருக்குழாய் வறண்டு போகும், குடங்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள். பேட்டியில் அவர் சொன்னதை வெட்டாமல் முழுதாக வைத்தார்கள். எனக்குத் தெரிந்த பெரிய தொலைக்காட்சிகளில்கூட இந்த நியாயம் அபூர்வம்.

பிறகு சோதனை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்குக் களச் சோதனைப் பெட்டிகள் கொடுத்து, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். அப்படிப் பயிற்சி பெற்ற ஓர் அக்கா பள்ளிக்கு வந்து செய்து காட்டினார். சாயக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஃபுளோரைடு கூடக் கூடச் சிவப்புச் சாயல் மங்கி மஞ்சள் பக்கம் நகர்கிறது. நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீரும் பழைய ஆழ்குழாய்த் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு சோதனைக் குழாய்களின் நிறமும் ஒன்றல்ல என்பது கைப்பேசித் திரையிலேயே தெரிந்தது. ஆனால் நிற அட்டை தோராயம்தான் சொல்லும். துல்லியமான அளவுக்கு ஆய்வகம் வேண்டும். ஆகவே செய்தியில் துல்லியமான அளவு எதுவும் சொல்லவில்லை. ‘களச் சோதனையில் ஆழ்குழாய்த் தண்ணீர் 1.5 என்ற நிறத்தைத் தாண்டியது. ஆய்வகச் சோதனைக்கு மாதிரி அனுப்பப்பட்டுள்ளது’ என்று நிறுத்திக்கொண்டார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும் இந்தக் கட்டுப்பாடு அறிவியலின் முக்கால் பங்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறை படிந்த பல்லை அருகில் காட்டினால் செய்தி பலமாக இருக்கும் என்று ஒருவன் சொன்னான். உண்மைதான். வகுப்பிலேயே அப்படிப் பல் உள்ளவர்கள் பலர். ஒரு மாணவி முதலில் சம்மதித்தாள், மறுநாள் வேண்டாம் என்றாள். வாயை மூடிச் சிரித்தே பழகிய பெண் அவள். பெண் பார்க்க வருபவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போகிற ஊர்களில் ஒரு பிள்ளையின் பல் படம் கைப்பேசிகளில் சுற்றினால் அது அவள் கல்யாணம் வரைக்கும் வரும். முடிவில் யார் முகமும் யார் பல்லும் காட்டப்படவில்லை. ஒரு தாளில் பல்லை வரைந்து, கறை எங்கே, எந்த வயதில் படிகிறது என்று விளக்கினார்கள். அந்தப் படம்தான் அந்தச் செய்தியின் மிகத் தெளிவான பகுதி என்பது என் கருத்து.

இவ்வளவும் நடந்த பிறகு எனக்கு வந்த முதல் எதிர்வினை: “எதற்கு இந்த வம்பு? பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி எடுத்திருக்கலாமே?” சொன்னவர் நல்லவர், என் மேல் அக்கறை உள்ளவர். ஆனால் இந்த அக்கறைதான் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைச் சாகடித்துக்கொண்டிருக்கிறது. யாரையும் நோகடிக்காத தலைப்பு, எந்த ஊருக்கும் பொருந்தும் வசனம், எந்த அதிகாரியும் பதில் சொல்லத் தேவையில்லாத முடிவு. பிளாஸ்டிக்கைப் பற்றியே எடுக்கட்டும், தாராளமாக. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்த 14-ல் எவை எவை இன்று எங்கள் சந்தையில் விற்கின்றன, எங்கிருந்து வருகின்றன என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேட்ட அடுத்த நிமிடமே அதுவும் ‘வம்பு’ ஆகிவிடும். உண்மையான கேள்வி எங்கே தொடங்கினாலும் யாரோ ஒருவர் வாசலில்தான் போய் நிற்கும்.

இந்த நாட்டில் சுற்றுச்சூழல் கல்வி பள்ளிக்குள் வந்த கதையில் ஊடகமும் கூடவே வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 1991-ல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்ன அதே தீர்ப்பில், திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும், வானொலியும் தூர்தர்ஷனும் நாள்தோறும் சில நிமிடங்கள் இதற்கு ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பாடம் வந்தது. 2001-ல் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கான தேசிய பசுமைப் படை வந்தது. ஆனால் ஒளிபரப்புவது பெரியவர்கள், பார்ப்பது பிள்ளைகள் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. இன்று திரை பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது.

உலகில் இது புதிதும் அல்ல. சுற்றுச்சூழல் கல்விக்கான பன்னாட்டு அறக்கட்டளை ஒன்று ‘சுற்றுச்சூழலுக்கான இளம் செய்தியாளர்கள்’ என்ற திட்டத்தை 1994 முதல் நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினையைத் துப்பறிய வேண்டும், தீர்வுகளை ஆராய வேண்டும், கட்டுரையாகவோ புகைப்படமாகவோ காணொளியாகவோ சொல்ல வேண்டும், பிறகு அதை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். இந்த நான்கில் இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் பிள்ளைகளும் புலம்பலோடு நிற்காமல் தீர்வைத் தேடினார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் ‘நல்கொண்டா முறை’ நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது என்று கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்புச் சத்து போதிய அளவு கிடைத்தால் உடல் ஃபுளோரைடை உறிஞ்சுவது குறையும் என்று படித்துவிட்டு, நம் கேழ்வரகைச் செய்தியின் கடைசி இருபது விநாடியில் வைத்தார்கள். கேழ்வரகு மட்டும் போதாது, தண்ணீர்தான் மாற வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்தார்கள்.

‘பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். கரைசல், பாறை, நிலத்தடி நீர், பல், ஊராட்சி நிர்வாகம், தமிழில் தெளிவாக எழுதுதல் எல்லாம் ஒரே வேலையில் வந்தன. முந்நூறு சொற்களுக்குள் ஒரு விஷயத்தைப் பிழையில்லாமல் சொல்ல அவர்கள் எத்தனை முறை அடித்து எழுதினார்கள் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படுக்கைவாட்டில் பிடித்த ஒரு கைப்பேசி, ஒலிக்கு ஒரு பழைய இயர்போன், காற்றில்லாத ஓர் அறை போதும். கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருக்கும் பொறுமைதான் நிறைய வேண்டும்.

என் கவலையெல்லாம் இந்தச் செய்தி எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான். சமூக ஊடகத்தில் போட்டு விருப்பக்குறி எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. முகம் தெரியாதவர்களின் ஏச்சைப் பிள்ளைகள் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். இதற்கான சரியான திரை கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ப் பள்ளியின் மூன்று நிமிடச் செய்தி ஓடட்டும். தலைவர், செயலர், தொட்டி இயக்குபவர், குடத்தோடு நிற்கும் பெண்கள் எல்லோரும் பார்க்கட்டும். அங்கேயே கேள்வி, அங்கேயே பதில். கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை இது. குடிநீர் ஆய்வக முடிவுகளின் ஒரு நகலை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கும் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் இப்போது அடுத்த செய்தியில் இறங்கிவிட்டார்கள். ஃபுளோரைடு உள்ள ஊர்களில் ஆர்.ஓ. இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை சுத்தமான தண்ணீரை ஒரு பக்கமும், ஃபுளோரைடு செறிந்த கழிவு நீரை மறுபக்கமும் தருகின்றன. அந்தக் கழிவு நீர் எந்தக் கால்வாயில் போகிறது, எந்தக் கிணற்றுக்கு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மாதிரி எடுக்க அனுமதி கேட்டு அவர்கள் எழுதிய கடிதத்தில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வேலையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எத்தனை அடியில் எந்தப் பாறை வந்தது என்ற பழைய குறிப்புகள் உங்களிடம் இருந்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பேட்டி எடுக்க பிள்ளைகளை அனுப்புகிறேன்.